தகரத்தில் ஒரு பெருக்கல் குறி

காருக்கு அடியில் மல்லாந்து படுத்ததும் நான் முதலில் செய்த காரியம், வாய்க்கு வந்தபடி திட்டியதுதான். யாரைத் திட்டுகிறாய் என்று டார்ச் மேடம் வெளியிலிருந்து கேட்டார். இன்னும் முடிவாகவில்லை, ஆள் கிடைத்ததும் சொல்கிறேன் என்றேன்.

மெக்கானிக் ஷெட்டின் நடுவே தூக்கி நிறுத்தியிருந்த அந்தக் காரின் பின் சீட்டுக்குக் கீழே தளம் என்று ஒன்று இல்லவே இல்லை. தளம் இருக்கவேண்டிய இடத்தில் துருதான் இருந்தது. விரல் பட்டால் பொரபொரவென்று மூக்கிலும் கண்ணிலும் கொட்டியது. அதை இத்தனை நாள் மறைத்துக்கொண்டிருந்த தகரத் தட்டு, தார் பூசிய கறுப்பு முகத்தோடு, ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு நர்ஸம்மா. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்க் கவனிக்கிறவர். பஸ்ஸை நம்பி நேரத்துக்குப் போக முடியவில்லை என்று பழைய கார் ஒன்றை வாங்கினார். வாங்கும்போது ஏமாளியாக ஒன்றும் வாங்கவில்லை. தகுதிச் சோதனையில் பாஸ் ஆன வண்டிதானா என்று கேட்டார், பாஸ் ஆன முத்திரை காய்வதற்கு முன்பே கையெழுத்துப் போட்டார். விற்றவன் பழைய கார் கொட்டகை வைத்திருப்பவன், ஊரில் சிரிச்சமூஞ்சி என்றால் தெரியாதவர் கிடையாது. எந்த ஓட்டை வண்டியையும் சிரித்துக்கொண்டே அடுத்தவர் தலையில் கட்டிவிடுவான்.

போன வாரம் நர்ஸம்மா தன் தம்பி மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தார். குறுக்கே ஒரு நாய் ஓட, பிரேக்கை அழுத்தினார். பின்னால் குழந்தை பெல்ட் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பெல்ட்டையும் சீட்டையும் பிடித்துக்கொள்ளத் தளம் இல்லையே. சீட்டு போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு குழந்தையைத் தூக்கி முன்னால் அடித்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது.

சிரிச்சமூஞ்சி, வண்டியைக் கொடுக்கும்போது தங்கமாக இருந்தது, இந்தம்மா உப்புத் தண்ணியில் ஓட்டியிருப்பார் என்றான். சோதனை நிலையம், அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது என்று கதவைச் சாத்தியது. தம்பியோ ஒரு படி மேலே போய், ஓட்டை வண்டி என்று தெரிந்தே என் பிள்ளையை ஏற்றினாள் என்று கூடப்பிறந்த அக்காமேல் போலீசில் புகார் கொடுத்துவிட்டார். குழந்தை இருக்கும் வார்டு வாசலைக்கூட மிதிக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஊரார் புண்ணையெல்லாம் கழுவிக் கட்டுகிற கை, சொந்த மருமகள் நெற்றியைத் தொட முடியாமல் இருக்கிறது.

எங்கள் துப்பறியும் ஆபீசுக்கு வந்தபோது அவர் அழவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"கேஸ் கெடக்கட்டும் மேடம். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என் தம்பி நம்பணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

மேடம் இதற்குமுன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நடுப்பகலிலும் கையில் டார்ச் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார், அதனால்தான் அந்தப் பெயர். எனக்கு அவர் வைத்த பெயர் ரேடியோ. காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது மேடமும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டார். தொங்கிய தட்டைக் கத்தியால் நெம்பி எடுத்து, வெளிச்சம் அடித்துத் திருப்பிப் பார்த்தார். தார் படாத உள்பக்கம் பளபளவென்று இருந்தது. நான்கு விளிம்பும் உள்ளே மடித்துத் தட்டியிருந்தது. மூலைக்கு மூலை மெல்லிய மடிப்பு ஒன்று ஓடி, நடுவில் வெட்டிக்கொண்டது. கணக்கு வாத்தியார் போட்ட பெருக்கல் குறி மாதிரி இருந்தது.

தப்பு என்று அவனே போட்டுக் கொடுத்திருக்கிறான் மேடம், நாம்தான் மார்க் போடவேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. விளிம்பை என் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினேன், வழவழவென்று இருந்தது.

"வெட்டின தகரம் கையக் கிழிக்கும். இவன் மடிச்சு, மறுபடியும் மடிச்சிருக்கான். யார் கையிலயும் கீறல் படக்கூடாதுன்னு பாத்துப் பாத்து செஞ்சிருக்கான். ஏமாத்தறவனுக்கு அடுத்தவன் கை மேல என்னடா அக்கறை?"

நான் விளிம்பை இன்னொரு தடவை தடவினேன்.

"இதச் செஞ்சவன் நல்லவன், ரேடியோ. அதான் எனக்கு வயிறு எரியுது."

அங்கிருந்து நேராகச் சோதனை நிலையத்துக்குப் போனோம். எனக்கு உள்ளூர ஆசை, சோதனைக்காரர் காசு வாங்கியிருக்கவேண்டும் என்று. காசு வாங்கிய ஆளைத் திட்டுவது சுலபம். ஆள் ஒல்லியாக, சட்டைப் பையில் சின்னச் சுத்தியலோடு, எங்களை நிற்கவைத்தே பேசினார். சிரிச்சமூஞ்சி உங்களைப் பார்த்துச் சிரித்தானா, உங்கள் பையைப் பார்த்துச் சிரித்தானா என்று கேட்டுவிட்டேன். அவர் சுத்தியலை மேஜைமேல் வைத்த வேகத்தில் டீ கிளாஸ் துள்ளியது.

பிறகு அவரே படபடவென்று கொட்டினார். சட்டப்படி அவர் எதையும் கழற்றக்கூடாது. கார்ப்பெட்டைத் தூக்கக்கூடாது, பூச்சைச் சுரண்டக்கூடாது. கண்ணால் பார்க்கலாம், சுத்தியலால் தட்டிக் காது கொடுக்கலாம், அவ்வளவுதான். ஒட்டுப்போட்ட தகரம் தட்டினால் தகரடப்பா மாதிரி அதிரும். அப்படி அதிர்ந்த சிரிச்சமூஞ்சியின் வண்டிகளை முன்பெல்லாம் அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார், வேண்டுமானால் அவனையே கேட்கலாம்.

"இந்த வண்டி அதிரல. கல்லு மாதிரி நின்னுச்சு. குறுக்கால லேசா ரெண்டு கோடு தெரிஞ்சது. கம்பெனியே அழுத்தி வெச்ச கோடுன்னு நெனச்சேன். எல்லா கார் அடியிலயும் அப்படி ஏதாவது இருக்கும். நான் திருடன் இல்ல."

ஆனால் ஒரு குழந்தையின் கால் உடைந்திருக்கிறதே என்றேன். அவர் முகம் சுருங்கியது. தொடர்ந்து வறுத்தெடுக்கலாம் என்று நான் வாயைத் திறந்த நேரம், மேடம் எங்கள் இருவரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பல்லி ஏதும் சாட்சி சொல்லப்போகிறதா என்று கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறி, அங்கிருந்து மேஜைமேல் ஏறினார். சோதனைக்காரர் பதறிப்போய் டீ கிளாஸை எடுத்துக்கொண்டார்.

கூரையை ஒட்டி ஏசிக் காற்று வரும் தகரக் குழாய் ஒன்று ஓடியது. ஒரு ஆள் தவழ்ந்து போகலாம் என்கிற அளவுக்குச் சதுரமாக, அகலமாக. மேடம் டார்ச்சை அடித்தார். குழாயின் ஒவ்வொரு சதுரத்திலும் மூலைக்கு மூலை ஒரு மடிப்பு. வரிசையாகப் பெருக்கல் குறிகள்.

மேடம் கையை நீட்டிச் சுத்தியலைக் கேட்டு வாங்கித் தட்டினார். அவ்வளவு பெரிய மெல்லிய தகரம், டொக் என்று ஒரே சத்தத்தோடு அடங்கிவிட்டது. அதிரவே இல்லை.

"மாட்ட வந்தவங்ககிட்ட நானே கேட்டேன், இந்தக் கோடு எதுக்குன்னு" என்றார் சோதனைக்காரர். "இது இல்லேன்னா ஒவ்வொரு தடவ காத்து வரும்போதும் தகரம் பட்பட்டுனு அடிக்கும், மடிச்சு விட்டா வெறைச்சுக்கும்னாங்க. தினமும் இதுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன்."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மேடம் கீழே இறங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கொட்டகையில் நிற்கும் மற்ற வண்டிகளைப் பிரித்துப் பார்ப்பீர்களா? முடியாது என்று அவர் தலையாட்டினார். கழற்றக்கூடாது என்பது கழற்றக்கூடாதுதான், மீறினால் சிரிச்சமூஞ்சி அவர் வேலைக்கே உலை வைப்பான்.

"தட்டச் செஞ்சவனே வந்து கழட்டிக் காட்டினா நான் கண்ணால பாக்கலாம். அதுக்குத் தடை இல்ல. பாத்தா சும்மா விடமாட்டேன்."

ஆக, எங்களுக்கு ஏசிக் குழாய் மடிக்கிற ஒரு ஆள் வேண்டும். பட்டறைத் தெருவில் அப்படி வேலை நடக்கும் இடத்துக்கு வழி கேட்டுப் போனோம். உள்ளே வாயைத் திறக்க முடியாத இரைச்சல், எனக்கு அது பெரிய தண்டனை. பட்டறை முதலாளி காதில் பென்சில் செருகியிருந்தார். மேடம் துப்பறிய வந்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. தட்டின் தாரைச் சுரண்டி எடுத்து அவர் மேஜையில் வைத்து, எனக்கு இதே மாதிரி சுத்தமான வேலை வேண்டும், யார் செய்வார்கள் என்று வாடிக்கையாளர் தோரணையில் கேட்டார்.

முதலாளி அதைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் எல்லோரும் கோட்டை மூலை முட்டும்வரை இழுப்பார்கள், அதனால்தான் மூலை கிழிகிறது, இவன் ஒரு விரல் இடம் விட்டு நிறுத்துவான் பாருங்கள் என்று தொட்டுக் காட்டினார். விளிம்பை ரெண்டு மடிப்பு மடிக்கிற பொறுமையும் இவன் ஒருவனுக்குத்தான். எங்கள் ஆள்தான், லீவு நாளில் வெளி வேலையும் செய்வான், அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்தால் போதும், வண்டியையோ கட்டடத்தையோ நேரில் பார்க்கக்கூடத் தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

ஆளைப் பார்க்கலாமா என்றார் மேடம்.

"இன்னிக்கு முடியாதும்மா. பாவம், பொண்ணுக்குக் கால் ஒடஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கான். அவன் அக்காவே ஏதோ ஓட்டை வண்டியில ஏத்திட்டுப் போய் இப்படிப் பண்ணிட்டாளாம்."

இரைச்சல் அப்படியே இருந்தது. என் வாய்தான் அடைத்துக்கொண்டது. வெளியே வந்து தெருமுனை திரும்பினோம். ரேடியோ ரிப்பேரா என்று மேடம் கேட்டார். கேட்ட விதத்தில் கேலி இல்லை. நர்ஸம்மா தன் தம்பிக்கு ஏதோ கட்டடங்களுக்கு ஏசி போடுகிற வேலை என்று சொன்னதும், நான் அதைக் காதில் வாங்கிக் காற்றில் விட்டதும் அப்போதுதான் உறைத்தது. முதலில் துருக் கொட்டியபோது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திட்டினேன். இப்போது தெரிந்துவிட்டது, திட்டத்தான் நாக்கு எழவில்லை.

வழியிலேயே மேடம் சோதனைக்காரருக்கு போன் செய்து, கொட்டகைக்கு வரச்சொன்னார்.

ஆஸ்பத்திரி மாடிப்படித் திருப்பத்தில் நர்ஸம்மா நின்றிருந்தார். வார்டுக்குள் போக முடியாதவர், கதவு திறந்து மூடும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்காக வேலைக்கு நடுவே வந்திருந்தார். எங்களோடு அவரைப் பார்த்ததும் தம்பி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். வாட்டசாட்டமான ஆள், தாடி மண்டியிருந்தது. கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம், ஆள் வைத்து மிரட்டுகிறாயா என்று அக்காவைப் பார்த்து எகிறினார்.

மேடம் இருவருக்கும் நடுவே வந்தார். பையிலிருந்து தட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். அவ்வளவு கோபத்திலும் அவர் கட்டைவிரல் தானாக விளிம்பைத் தடவிப் பார்த்தது.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?" என்றார்.

"உங்க பொண்ணு உக்காந்திருந்த சீட்டுக்குக் கீழ இருந்துச்சு."

அவர் தட்டைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. மேடம்தான் மூன்றே வரியில் சொன்னார்: துருவை மூடிய தட்டு இது. செய்தது உங்கள் தம்பி. எந்த வண்டிக்கு என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

சேறு அடிக்காமல் இருக்க வண்டிக்கு அடியில் போடும் தட்டு என்றுதான் சிரிச்சமூஞ்சி சொன்னானாம். அட்டை வரும், வெட்டி மடித்து அனுப்புவாராம். ஒவ்வொரு அட்டையும் ஒவ்வொரு ஓட்டையின் வடிவத்தில் இருக்கிறதே, சேற்றுத் தட்டு இப்படியா இருக்கும் என்று ஒருநாளாவது கேட்டீர்களா என்றார் மேடம்.

"கேக்கல." அவர் தலை நிமிரவில்லை. "கேட்டா என்ன சொல்லுவான்னு தெரியும். அதான் கேக்கல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டாலேயே நாலு வைக்கலாம் போலிருந்தது. அடுத்தவன் கை கிழியக்கூடாது என்று விளிம்பை மடிக்கத் தெரிந்த ஆளுக்கு, அதற்குமேல் யார் உட்காருவார்கள் என்று கேட்கத் தெரியவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு சௌகரியம். விற்றவன் கேட்கவில்லை, தட்டியவர் கேட்கவில்லை, மடித்தவர் கேட்கவில்லை. கேட்டது இந்த நர்ஸம்மா ஒருவர்தான், குற்றவாளிக் கூண்டில் நிற்பதும் அவர்தான்.

தம்பி எழுந்து அக்காவின் கையைப் பிடிக்கப் போனார். "புகார வாபஸ் வாங்கிடறேன்க்கா. இன்னிக்கே வாங்கிடறேன். நீ உள்ள போய் அவளப் பாரு."

இத்தனை நாள் அந்த அம்மா கேட்டது இது ஒன்றைத்தான். இதோடு முடிந்தது, போய்க் குழந்தையைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கையை உதறிவிட்டார்.

"என்ன நம்பிட்ட, சரி. மத்த தட்டெல்லாம் எங்கடா?"

தம்பி விழித்தார்.

"ஒண்ணு உன் பொண்ணுக்குக் கீழ இருந்துச்சு. மத்ததெல்லாம் யார் வீட்டுப் புள்ளைக்குக் கீழ இருக்கு? நீ எத்தன செஞ்ச?"

நிறைய என்றார் அவர்.

"நட" என்றார் நர்ஸம்மா. மருமகள் இருந்த கதவு அவருக்கு எதிரேதான் திறந்திருந்தது. அந்தப் பக்கம் திரும்பினால் கால் நின்றுவிடும் என்று பயந்தவர் போல விறுவிறுவென்று படியிறங்கினார்.

கொட்டகையில் வியாபாரம் சூடாக நடந்துகொண்டிருந்தது. வரிசையாகக் கழுவித் துடைத்த கார்கள். நீலக் கார் ஒன்றின் முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நிற்க, பின் சீட்டில் அவர்கள் பெண் குழந்தை ஏறிக் குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ் ஆன வண்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று சிரிச்சமூஞ்சி வழிந்தான். மூடிக்கொண்டுதான் எடுக்க முடியும், திறந்தால் எப்படி எடுப்பார்கள் என்றேன் நான். வாய் திரும்பிவிட்டது எனக்கே ஆறுதலாக இருந்தது.

சோதனைக்காரர் எங்களுக்கு முன்பே வந்து கேட்டுக்கு வெளியே சுத்தியலோடு நின்றிருந்தார். அவரைக் கண்டும் சிரிச்சமூஞ்சிக்குப் பயமில்லை. நீங்கள் எதையும் கழற்றக்கூடாதே சார் என்று மரியாதையாகவே ஞாபகப்படுத்தினான். நான் கழற்றவில்லை என்றார் அவர். அப்போதுதான் அவன் எங்களுக்குப் பின்னால் வந்த தம்பியைப் பார்த்தான். அந்த முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, பார்க்கச் சகிக்கவில்லை.

நர்ஸம்மா நீலக் காரின் பின்கதவைத் திறந்து, "எறங்கும்மா கண்ணு" என்று அந்தக் குழந்தையைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்தார். தாய் என்ன ஏது என்று கேட்டதற்கு, பேசாமல் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். மேடம் தன் டார்ச்சைத் தம்பியிடம் நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தார்.

தார் கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு தகரம் தரையில் விழுந்தது. அதன்பின் வெகுநேரம் பொலபொலவென்று துரு கொட்டியது. சோதனைக்காரர் மண்டியிட்டு உள்ளே பார்த்தார். வாங்க வந்த கணவனும் குனிந்து பார்த்தான், பார்த்துவிட்டு மனைவியையும் குழந்தையையும் கையைப் பிடித்து இழுத்து வெகுதூரம் தள்ளி நிறுத்தினான். சிரிச்சமூஞ்சி போனை எடுத்து யாரையோ கூப்பிடப் பார்த்தான், சோதனைக்காரர் நிமிர்ந்து பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இது நான் செஞ்சது" என்று அடியிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

அடுத்த வண்டிக்குப் போனார். அங்கேயும் தகரம் விழுந்தது. "இதுவும் நான் செஞ்சதுதான்." அதற்கடுத்த வண்டியிலிருந்து அவர் வெளியே வந்தபோது தலை, தாடி, இமை எல்லாம் செந்தூளாக இருந்தது. உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது. நாலு பேர் பார்க்க அவர் தரையில் உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி அக்காவை அண்ணாந்து பார்த்தார்.

"போதுமாக்கா?"

நர்ஸம்மா அவர் கையைப் பார்த்தார். கட்டுப்போடத் தெரிந்தவர், துணியும் மருந்தும் தோளில் தொங்கிய பையிலேயே இருந்தன. பையைத் திறக்கவில்லை. நிமிர்ந்து, எதிர்ப்பக்கம் நின்ற கார்களைப் பார்த்தார்.

"அந்த வரிசை இன்னும் பாக்கல" என்றார். "படு."